கண்ணுக்கு மேலே இரண்டு முடி

பிசின் அண்ணனுக்கு நன்றி சொல்வது லேசான காரியமில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் ஏதாவது ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். பல முறை முயன்று தோற்றுப்போனேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் வேலை செய்வது ஓர் அருங்காட்சியகத்தின் மூன்றாவது மாடியில். கீழ்த்தளத்தில் யானை எலும்புக்கூட்டைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் இரண்டே வகை: குடிதண்ணீர் கேன் போடுகிறவர், கழிப்பறையைத் தேடி வழி தவறியவர்கள். நீளமான அறை, இரண்டு பக்கமும் இரும்பு அலமாரிகள், அவற்றில் கண்ணாடி மூடி போட்ட மரத்தட்டுகள். தட்டுகளில் ஊசி ஊசியாக நாற்பதாயிரம் வண்டுகள். அந்துருண்டை வாசனை எங்கள் துணியில் ஏறிவிட்டது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள்.

நான் தரைவண்டுகளை வகைப்படுத்துகிறவள். அவர் ஒட்டுகிறவர். பெரிய வண்டை நேராக ஊசியால் குத்தலாம். ஏழு மில்லிமீட்டர் வண்டைக் குத்தினால் இரண்டாகிவிடும். ஆகவே முக்கோணமாக நறுக்கிய அட்டையின் நுனியில் ஒரு துளி பிசின் வைத்து, வண்டை அதன்மேல் உட்கார வைத்து, அட்டையை ஊசியில் ஏற்ற வேண்டும். துளி பெரிதானால் வண்டின் வயிறு மூழ்கும், சிறிதானால் உதிரும். கடையில் விற்கிற கோந்து உதவாது. வெந்நீரில் கரைகிற மரப்பிசின்தான் வேண்டும். நூறு வருஷம் கழித்து யாராவது வண்டின் அடிவயிற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் கால் ஒடியாமல் கழற்ற வேண்டுமே. காய்ந்து வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பது அவர் கைக்குத்தான் தெரியும். ஒருமுறை அவர் இல்லாத நாளில் நானே காய்ச்சிப் பார்த்தேன். எறும்பு வந்தது, வண்டு ஒட்டவில்லை.

பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர். அதைச் சொல்லிச் சம்பள நாளன்று மட்டும் யாராவது கூப்பிடுவார்கள், அப்போதும் அவர் திரும்பிப் பார்க்கத் தாமதமாகும். எனக்கு அவர் ஆறு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். இருபது வருஷமாகியும் அந்த மேடத்தை அவர் வாயிலிருந்து என்னால் பிடுங்க முடியவில்லை.

இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு கைக்கடிகாரப் பழுது பார்க்கும் கடையில் இருந்தார். பதினோரு வருஷம் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கி, பல்சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் போனிலேயே மணி பார்க்கத் தொடங்கினார்கள், கடை மூடப்பட்டது. அப்போது அவர் மனைவிக்கு ஏழாவது மாசம். அவர் தையல்காரி. வயிறு தையல் மெஷினில் இடிக்க, நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டு, கையை நீட்டித் தைத்துக்கொண்டிருந்தாராம்.

மனைவிக்கு ஒரு தம்பி. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார், இப்போது மூன்று கடைகள். மூன்றிலும் தன் பெயரை ஆள் உயர எழுத்தில் எழுதி, மேலே விளக்கும் போட்டிருக்கிறார். அவர் அப்போதே, “நம்ம கடைக்கு வந்துடுங்க மாமா, போல்ட்டு நட்டு எண்ணுற வேலை, உங்களுக்குப் பழக்கந்தானே” என்று கூப்பிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, நாலு பேர் முன்னால் கூப்பிட்டார், அவ்வளவுதான். பிசின் அண்ணன் போகவில்லை. அருங்காட்சியகத்தில் தூசி தட்டுகிற தற்காலிக வேலை ஒன்று காலியாக இருந்தது, அதில் சேர்ந்தார். ஒட்டுகிற வேலை கைக்கு வந்தது பிறகுதான். மைத்துனருக்கு அன்று தொடங்கிய கிண்டல் இன்னும் தீரவில்லை. வீட்டு விசேஷம் எதுவானாலும், “மாமா, இன்னிக்கு எத்தனை பூச்சிக்குத் தலை வாரி விட்டீங்க?” என்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர் மனைவி மட்டும் சிரிக்க மாட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

வகைப்பாடு என்பது பங்காளிகளை இனம் பிரிக்கிற வேலை. எந்த வண்டு எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்குப் பேரினம் என்று பெயர், உள்ளே இருக்கிற ஒவ்வொரு வகையும் ஒரு சிற்றினம். நான் ஆறு வருஷம் படித்த பேரினம் ஆற்றங்கரைக் கல்லுக்கு அடியில் குடியிருப்பது. கறுப்பு, ஏழு மில்லிமீட்டர், நீளமான கால், இரவில் வேட்டை. பகலில் கல்லைப் புரட்டினால் வெளிச்சத்தைத் திட்டிக்கொண்டு ஓடும். பதினான்கு பங்காளிகள். எல்லோருக்கும் சில பொது அடையாளங்கள் உண்டு. மார்புத்தகடு பின்பக்கம் குறுகியிருக்கும். முதுகை மூடுகிற சிறகுறையின் மூன்றாவது வரியில் மூன்று குழிகள். முக்கியமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே இரண்டு நீண்ட முடிகள். தரைவண்டு உலகத்தில் இந்தக் கண்மேல் முடிக்குப் பெரிய மதிப்பு. இரண்டு முடிக்காரர்கள் ஒரு பக்கம், ஒற்றை முடிக்காரர்கள் வேறு பக்கம். சம்பந்தமே கிடையாது.

எங்கள் தட்டில் பழைய வண்டு ஒன்று இருந்தது. யாரோ எப்போதோ ஓர் ஆற்றங்கரையில் பிடித்தது. உடம்பைப் பார்த்தால் என் பங்காளிகளில் ஒருவன். மார்பு சரி, மூன்று குழிகள் சரி. நுண்ணோக்கியில் தலையைப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே ஒரே ஒரு முடி. உதிர்ந்திருக்குமோ என்று முளைத்த குழியைத் தேடினேன், குழியும் ஒன்றுதான். வாயுறுப்பின் உணர்கொம்புகூட வேறு மாதிரி இருந்தது. அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். இந்த உடம்பில் இந்தத் தலை என்றால், இது யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை. இதற்குத் தனி வீடே கட்ட வேண்டும். புதுப் பேரினம்.

வகைப்பாட்டுக்காரர்கள் ஆயுள் முழுவதும் புதுச் சிற்றினங்களுக்குப் பெயர் வைக்கலாம். புதுப் பேரினம் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் கணவர், “ஒரு முடிக்கா இந்த ஆட்டம்?” என்று கேட்டார். மயிரைக் கட்டி மலையை இழுக்கிறேன், வந்தால் மலை, போனால் மயிர் என்றேன். போகும்போது மயிர் மட்டும் போகாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இருந்தது ஒரே ஒரு மாதிரி. கட்டுரையைப் படித்துப் பார்த்த நிபுணர்கள் இருவரும், இன்னொன்று கிடைக்காதா என்றுதான் கேட்டார்கள். மூன்று மழைக்காலம் அந்த ஆற்றங்கரைக்குப் போனோம், நானும் பிசின் அண்ணனும். முழங்கால் சேற்றில் நின்று கல் கல்லாகப் புரட்டினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அவருக்கு ஒரு கட்டைவிரல் நகம் போயிற்று. ஆயிரக்கணக்கில் வண்டு பிடித்தோம், அவன் மட்டும் அகப்படவில்லை. “ரொம்ப அபூர்வம்போல, மேடம்,” என்றார் அவர். ஆமாம், அபூர்வம் என்று நானும் சொன்னேன். கட்டுரையிலும் அப்படியே எழுதினேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது. பேரினத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். இதற்கு நான் யோசிக்கவே இல்லை. அந்த அறையில் என் கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு முடியும் அவர் ஒட்டிக் கொடுத்ததால் தெரிந்தது. பதிவேட்டில் இருக்கிற அவருடைய முழுப்பெயரை வைத்தேன். சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

“வண்டுக்கா?”

“ஒரு வண்டுக்கு இல்லண்ணே. ஒரு வம்சத்துக்கே. இனிமே உலகத்துல எவன் இதைப் பத்தி எழுதினாலும் உங்க பேரைத்தான் எழுதணும்.”

அவர் கையிலிருந்த இடுக்கியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி துடைத்தார். பிறகு ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி போன் செய்தார்.

“உண்மைதானா மேடம்? இவரு எதையும் பாதியா சொல்லுவாரு. தலையும் புரியாது, வாலும் புரியாது.”

உண்மைதான் என்றேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

“எழுத்துல வருமா? படிச்சுக் காட்டலாமா?”

“வரும்மா. அச்சுல வரும்.”

“அப்ப என் தம்பிக்கு நானே சொல்லிக்கிறேன்,” என்றார். அந்தக் குரலில் இருபத்திரண்டு வருஷம் இருந்தது. மறுநாளைக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சாப்பாடு என்று மைத்துனரே ஏற்பாடு செய்தார். இவ்வளவு நாள் கிண்டல் செய்தவருக்கு இதைத் தவிர வேறு வழியுமில்லை.

அச்சுக்குப் போகும் கடைசிப் படியை வெள்ளிக்கிழமை மாலைக்குள் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய சடங்கு ஒன்று உண்டு. ஒரு பெயருக்கு ஆதாரமான மாதிரியின் ஊசியில் சிவப்புச் சீட்டு குத்த வேண்டும். அந்த வண்டை ஆறு வருஷமாக என் சொந்த அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன், யாரையும் தொட விட்டதில்லை. திங்கட்கிழமை காலை அதை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

“உங்க பேருக்கு நீங்களே சீட்டு குத்துங்க.”

அவர் பழைய கடிகாரக்கடைக் கண்ணாடியைக் கண்ணில் செருகினார். ஊசியை விரலிடுக்கில் பிடித்து மெல்லத் திருப்பினார். முகம் என்னவோ ஆயிற்று. கீழே இருந்த பழைய சீட்டுகளை, தேதியை, தட்டு எண்ணைப் படித்தார். வண்டின் கழுத்தை மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சீட்டை நாளைக்குக் குத்தறேனே, மேடம்.”

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மகள் பிறந்த அன்றுகூட அரை நாள் மட்டும் லீவு போட்டவர் அவர். போன் செய்தால் மனைவி எடுத்து, “உடம்பு ஒண்ணுமில்ல மேடம், வருவாரு,” என்று சொல்லி வைத்துவிட்டார். சந்தோஷத்தில் காய்ச்சல் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். அவர் மனைவி எங்கள் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாசனைக்கு முகம் சுளிக்கவில்லை, வீட்டில் தினமும் துவைக்கிற வாசனைதானே. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. பிசின் அண்ணன் நின்றுகொண்டே சொன்னார்.

“மேடம், அந்தத் தலை அந்த வண்டோடது இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

வேலையில் சேர்ந்த முதல் மாசமே அது நடந்திருக்கிறது. அப்போதைய பிரிவுத் தலைவர் சாப்பிடப் போயிருந்த நேரம். இரண்டு தட்டுகளை இடம் மாற்றி வைக்கச் சொல்லியிருந்தார். ஒரு தடவைக்கு ஒரு தட்டு என்பது எங்கள் அறையின் முதல் விதி, கதவிலேயே ஒட்டியிருக்கிறது. இவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கினார். மேல்தட்டு சரிந்து, அதைப் பிடிக்கப்போய்க் கீழ்த்தட்டும் சரிந்தது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் காய்ந்த வண்டுக்குக் கழுத்துதான் பலவீனம். முப்பத்தொரு தலைகள் தரையில் கடுகு கொட்டினது போல் கிடந்தன.

“வேலை போயிடும்னு பயம், மேடம். வீட்டுல இவ வயித்துல பிள்ளை. தலைவர் வர்றதுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கதவைச் சாத்திட்டு ஒட்டினேன். நுண்ணோக்கியைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. கடைக் கண்ணாடி பையிலேயே இருந்தது. பல்சக்கரம் மாதிரி அளவு பார்த்துப் பார்த்து ஒட்டினேன். முப்பத்தொரு உடம்பு, முப்பத்தொரு தலை. கடைசியில ஒண்ணும் மிஞ்சல. மிஞ்சலைன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். கடிகாரத்துல அப்படித்தான்.”

கடிகாரத்தில் அப்படித்தான். ஒரு திருகும் மிச்சமில்லாமல் மூடினால் ஓடும். வண்டில் அப்படி இல்லை. ஒரே அளவில், ஒரே கறுப்பில், இரண்டு வேறு வம்சத்து வண்டுகள் ஒன்றின் தலையை மற்றொன்று போட்டுக்கொண்டு உட்காரலாம். கணக்கும் நேராக இருக்கும்.

“இது அதுல ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“என் பிசின், மேடம். அப்ப எனக்குச் சர்க்கரை அளவு தெரியாது. அதிகமாப் போட்டேன். பழசாகிப் பழுப்பா வளையம் விட்டிருக்கு, கழுத்துக்குள்ள. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்லவளாக நடந்துகொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்ததையே எழுதுகிறேன்.

“இருபத்திரண்டு வருஷம் வாயில என்ன வச்சிருந்தீங்க?”

“பிசின்தான், மேடம்,” என்றார் அவர். வேடிக்கையாகச் சொல்லவில்லை. வாய் ஒட்டிப்போய்விட்டது என்றுதான் சொன்னார்.

“சரி, இப்ப மட்டும் யாரு உங்களைச் சொல்லச் சொன்னா? சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? உங்க பேருதானே வருது. நாளைக்கு அச்சு, ஞாயித்துக்கிழமை சாப்பாடு. பேசாம சிவப்புச் சீட்டைக் குத்திட்டுப் போயிருக்கலாமே.”

ஆறு வருஷ உழைப்பு என்னை அப்படிப் பேச வைத்தது. ஒரு விஞ்ஞானி சொல்லக் கூடாத வார்த்தை அது. நானே சொன்னேன்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார், நகம் போய் முளைத்த விரல்.

“நம்ம கட்டுரையைப் படிச்சிட்டு யாராவது அதைத் தேடிப் போவாங்களே, மேடம். நாமளே மூணு மழைக்காலம் தேடினோம். இல்லாத வண்டுக்கு இன்னும் எத்தனை பேரு எத்தனை கல்லைப் புரட்டுவாங்க?”

அவர் மனைவி முதல் முறையாகப் பேசினார்.

“மூணு நாளா இவரு சாப்பிடல, மேடம். நேத்து ராத்திரி என்கிட்ட சொன்னாரு. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கியே, நான் என்ன பண்ணட்டும்னாரு. என் தம்பிகிட்ட இன்னொரு தடவை தோக்கறது எனக்கொண்ணும் புதுசில்ல, போய்ச் சொல்லிட்டு வாங்கன்னேன். தனியாப் போக மாட்டாரு போலிருந்தது. அதான் நானும் வந்தேன்.”

இனி ஒரு வழிதான் இருந்தது. அவர் சொல்வது உண்மையென்றால், அன்று விழுந்த இன்னொரு தட்டில் ஒற்றை முடிக்காரர்கள் நடுவே ஓர் இரண்டு முடிக்காரன் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தட்டை எடுத்தேன். இருநூற்றுப் பத்து வண்டுகள். ஒவ்வொன்றாக நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தோம். அவர் எடுத்துக் கொடுக்க, நான் பார்க்க, அவர் திரும்ப வைக்க. ஒன்று, ஒன்று, ஒன்று. எல்லாம் ஒற்றை முடி. நூறு தாண்டியது. கிடைக்கக் கூடாது, கிடைக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். கிடைக்காவிட்டால் அவர் சொன்னது நினைவுப் பிசகு என்று ஆகிவிடும், வெள்ளிக்கிழமை மாலை பொத்தானை அழுத்திவிடலாம்.

ஏழாவது வரிசையில் அவர் ஊசியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். கொடுத்தார். பார்த்தேன். கண்ணுக்கு மேலே இரண்டு முடி. கழுத்துக்குள் பழுப்பு வளையம், சொல்லித் தந்த பிறகு எனக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த அறையிலேயே, என் மேசைக்கு எட்டு அடி தள்ளி, என் பங்காளியின் தலை அடுத்த வீட்டு உடம்பில் இருந்திருக்கிறது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். ஏழு மில்லிமீட்டர் உடம்புக்கும் அதுதான் சட்டம்.

பிசின் அண்ணன் டீ குடிக்கிற கோப்பையில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்தார். முதலில் அடுத்த வீட்டு வண்டைப் போட்டார், பிறகு என்னுடையதை. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அதிகச் சர்க்கரை சீக்கிரம் விடாது என்றார். பிறகு ஒரு தலை கழன்று மிதந்தது, அடுத்ததும். என் புதுப் பேரினம் அந்தக் கோப்பையில் பத்து நிமிஷத்தில் கரைந்துவிட்டது. அவர் மனைவி என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் ஈரத்தைத் தாளில் ஒற்றி எடுத்து, புதிதாய்க் காய்ச்சிய பிசினில் ஒரு துளி தொட்டு, இரண்டு தலைகளையும் அவரவர் உடம்பில் வைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு முடி, ஒடுங்கிய மார்பு, மூன்று குழி. பதினான்கு பங்காளிகளில் ஒன்பதாமவன், மிகச் சாதாரணமானவன், எந்த ஆற்றங்கரையிலும் கைக்கு நாலு கிடைக்கிறவன். அன்று மாலை கட்டுரையை வெளியிட இருந்த இதழின் ஆசிரியர் குழுவுக்குக் கடிதம் எழுதி, கட்டுரையை நிறுத்திவைக்கச் சொன்னேன்.

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பது பழமொழி. என் தலை தப்பியது பிசின் அண்ணன் புண்ணியம். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஐந்து வருஷத்திலோ இருபது வருஷத்திலோ யாரோ ஒருவர் அந்த வண்டை வெந்நீரில் போட்டிருப்பார். அதற்குப் பிறகு நான் எழுதிய எதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இல்லாத வண்டைக் கண்டுபிடித்தவள் என்று என்னைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். என் மிச்ச வேலை, அந்தப் பதினான்கு பேரின் நேர்மையான கணக்கு, திருத்திய கட்டுரையாக வந்தது. யாரும் கைதட்டவில்லை, யாரும் குறை சொல்லவுமில்லை. அதற்காக நான் தினமும் நன்றியோடுதான் அந்த அறைக்குள் நுழைகிறேன். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நடந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்த பிறகு, அவர் மனைவி எழுந்து நின்று, பெயர் வரப்போவதில்லை, ஏனென்றால் இவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார். மைத்துனர், “கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே, மாமா,” என்றாராம். பிறகு அவரும் பேசாமல் சாப்பிட்டாராம்.

எங்கள் இயக்குநர் பழைய விபத்துக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். பிசின் அண்ணன் எழுதித் தந்தார். இயக்குநர் அதைப் படித்துவிட்டு, விதிப்படி செய்யுங்கள் என்றார். விதி இதுதான்: ஒரு மாதிரியில் யார் எதை மாற்றினாலும், என்ன செய்தார் என்பதை எழுதி, பெயரும் தேதியும் போட்டு, அதே ஊசியில் ஒரு சீட்டு சேர்க்க வேண்டும். ஒருமுறை குத்திய சீட்டை எவரும் எடுக்கக் கூடாது. அருங்காட்சியகம் இருக்கிறவரை அது இருக்கும்.

எங்கள் அறையின் சீட்டுகளை எழுதுவதே அவர்தான். அரிசி அளவுத் துண்டில் ஐந்து வரி எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் பிடித்தவர், கொடுத்தவர், வகைப்படுத்தியவர் என்று எத்தனையோ ஆயிரம் பெயர்கள் எழுதியிருக்கிறார். தன் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. ஒட்டுகிறவருக்குச் சீட்டு கிடையாது என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு சீட்டு எழுத அவருக்கு ஒரு காலை முழுவதும் ஆயிற்று. குத்தி முடித்த பிறகு நான் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மறுநாள் மனைவி வந்தார், கூடவே தம்பியும் வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது அவருக்கு. தட்டின் மேல் குனிந்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“இதுவா? ஒண்ணுமே தெரியலையே.”

“வெறுங்கண்ணுக்குத் தெரியாது,” என்றேன். ஊசியை எடுத்து, அவருடைய சீட்டு மேலே தெரியும்படி திருப்பி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். “அக்கா முதல்ல பாக்கட்டும்.”

அவர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, வட்டத்தைத் திருகிக் கொடுத்தேன். பிறகு அசையாமல் நின்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி உதடு அசைந்தது. தலை மாற்றி ஒட்டியது, தேதி. திருத்தி ஒட்டியது, தேதி. கீழே புருஷனுடைய முழுப்பெயர். பிசின் அல்ல, பதிவேட்டுப் பெயர்.

“இவ்ளோ பெருசாவா எழுதினீங்க?” என்றார் கண்ணை எடுக்காமல். “தம்பி, இங்க வந்து படிடா.”

தம்பி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நான் திரும்பி, இந்தத் தடவையாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பிசின் அண்ணன் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரே ஒரு தட்டு.